ஆடியோடு முடிகிற வருஷம்

ஆடிப்பெருக்கு அன்று காலையில் எங்கள் அச்சகத்தில் இயந்திரம் ஓடாது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்து என்று நாங்களாக ஒரு இடத்தை முடிவு செய்து அதில் பூச்சரம் சுற்றி நிறுத்திவைப்போம். வருஷமெல்லாம் காது கிழியக் கத்துகிற இயந்திரம் அன்றைக்கு மட்டும் மணப்பெண் மாதிரி அடக்கமாக நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

பூஜைத் தட்டில் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் மாதிரிகளின் ஆல்பமும், நாங்கள் போடும் தடிப் புத்தகத்தின் முதல் பிரதியும் இருக்கும். ஊர் உலகத்துக்கெல்லாம் ஜனவரியில் புது வருஷம். சிவகாசி, திருத்தங்கல் அச்சகக்காரர்களுக்கு அது ஆடி பதினெட்டிலேயே வந்துவிடும்.

நான் சொல்லவந்த ஆடியில், உடைத்த பூசணிக்காய்த் துண்டுகளைத் தாண்டிக்கொண்டு கோமதி உள்ளே வந்தாள். கோமதி என் தங்கை மகள். யாரையும் பார்க்கவில்லை. தட்டிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். மேலே கிடந்த பூவிதழைத் தட்டிவிட்டு, கட்டிங் மெஷின் பக்கம் ஒதுங்கி நின்று புரட்டினாள்.

எந்தப் பக்கத்தைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். 'ஆண்டு நிகழ்ச்சிகள்.' அந்தப் பக்கங்களை டைப் செய்து, பிழை திருத்தியவள் நான்தான்.

விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். பக்கத்தைத் திருப்பி மறுபடியும் ஓட்டினாள். புத்தகத்தை மூடினாள்.

"அம்மா இதுல இல்ல, பெரியம்மா," என்றாள்.

என் கையில் பிரசாதச் சுண்டல் இருந்தது. அந்தத் தேங்காய் வாடை இன்றைக்கும் எனக்கு ஆகமாட்டேன் என்கிறது.

அதென்ன தடிப் புத்தகம்?

திருத்தங்கல் அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். "காலண்டர் தெரியும், தடிப் புத்தகம் என்கிறீர்களே, அது என்ன?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பட்டணத்துக்காரராக இருக்க வேண்டும்.

அட்டையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தடிமனாக இருப்பதால் தடிப் புத்தகம், அவ்வளவுதான். முன்பாதி பஞ்சாங்கம். ராகு காலம், முகூர்த்த நாள், கரிநாள், பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன். பின்பாதி உலகம். எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எந்த மாவட்டத்தில் என்ன விளைகிறது, தபால் கட்டணம் எவ்வளவு, பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், வாடகைப் பத்திரம் எப்படி எழுதுவது, கோழிக்குச் சீக்கு வந்தால் என்ன கொடுப்பது, கூடவே பெருக்கல் வாய்ப்பாடு.

பலசரக்குக் கடை கல்லாவில் கிடக்கும். பத்திர எழுத்தர் மேசையில் கிடக்கும். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் பையில் கிடக்கும். செல்போன் வந்ததும் இதெல்லாம் ஒழிந்துவிட்டது என்று பேசுகிறார்கள். ஒழியவில்லை. போனில் தேடினால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறான். தடிப் புத்தகத்தில் ஒன்றுதான் இருக்கும். அது தப்பாகவே இருந்தாலும் ஊருக்கெல்லாம் ஒரே தப்பு. அதனால் சண்டை வராது.

காசு கொடுத்து வாங்குகிறவர்களைவிட ஓசியில் வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஜவுளிக்கடை, எண்ணெய் மில், பட்டாசுக் கம்பெனி என்று ஒவ்வொருவரும் மொத்தமாக ஆர்டர் கொடுப்பார்கள். அட்டையில் லட்சுமி படம், அதற்குக் கீழே அவர்கள் பெயர். புது வருஷத்தன்று வாடிக்கையாளர் கையில் மங்களகரமாகக் கொடுப்பார்கள். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மாரிக்கு அந்தப் புத்தகம் என்றால் உயிர். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற வேலை அவளுக்கு. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது விரல் இடுக்கெல்லாம் வெள்ளியாக மினுங்கும். அலுமினியப் பொடி. எந்தச் சோப்புக்கும் அசையாது. அந்தக் கையோடு புரட்டிப் புரட்டி எங்கள் வீட்டுப் பிரதியின் ஓரங்களும் மினுங்கிப்போயின.

எட்டாவதோடு நின்றவள். ஆனால் வாக்குவாதத்தில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. எதிராளி என்ன சொன்னாலும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பாள். "புத்தகத்துல போட்டிருக்கா?" போட்டிருந்தால் ஒத்துக்கொள்வாள். இல்லையென்றால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளுக்கு இருந்தது கோமதியும் ஒரு ஆசையும். "கோமதி கவர்மெண்டு வேலைக்குப் போயிரணும்க்கா. மருந்து வாடையே அவ மேல படக் கூடாது," என்பாள். ராத்திரி சோறு வடிக்கும்போதே அடுப்படியில் புத்தகத்தை விரித்துவைத்துக் கேள்வி கேட்பாள். மகள் வாசல்படியில் உட்கார்ந்து பதில் சொல்வாள். ஒவ்வொரு ஆடிக்கும் அரை நாள் லீவு போட்டு, முதல் பிரதியை வாங்கிப்போக மாரிதான் அச்சகத்துக்கு வருவாள். அந்த ஆடியில் அவளுக்குப் பதிலாகக் கோமதி வந்திருந்தாள்.

சீசன்

இப்போது எங்கள் தொழில் லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

'ஆண்டு நிகழ்ச்சிகள்' பகுதியை எழுதித் தருவது விருதுநகரில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேப்பர் செய்திகளைச் சேர்த்துவைத்து, ஆனி கடைசியில் கட்டாகக் கொடுத்தனுப்புவார். ஜனவரியில் தொடங்கும். ஆடி பூஜைக்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்பதால் ஜூலையோடு நின்றுவிடும். அடுத்த வருஷப் புத்தகம் மறுபடியும் ஜனவரியிலிருந்து தொடங்கும்.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நடந்தது? அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. காலம் காலமாகக் கிடையாது.

அச்சகத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கைதான் இது. "நம்ம வருசத்துக்கு ஏளு மாசம்தாம்லே," என்று பைண்டிங் பிரிவில் பேசிச் சிரிப்பார்கள். "ஆடிக்கு அப்புறம் எவனும் செத்துறாதீக. வரலாத்துல எடம் கெடையாது." பழைய புத்தகத்தை யார் எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆனால் எங்கள் பக்கம் பட்டாசுக்கு நெருக்கடியான மாதங்கள் எவை? ஆவணியும் புரட்டாசியும் ஐப்பசியும்தான். தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும். லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கும். ஒரு ரூமில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும். எழுத்து பாட்டுக்குச் சுவரில் இருக்கும், ஆட்கள் பாட்டுக்கு உள்ளே நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். மற்ற மாதங்களில் வெடிக்காது என்று நான் சொல்லவில்லை. சீசனில் ஒவ்வொரு சாயங்காலமும் வேன் வருகிற வரை வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சு கீழே இறங்காது.

மாரி போனது அந்த ஆடிக்கு முந்தின புரட்டாசியில். சனிக்கிழமை என்பதால் பெருமாளுக்கு விரதம். காலையில் வெறும் காப்பியோடு வேனில் ஏறினாள். "வந்து சேந்து சாப்பிடுவோம், எனக்கும் சேத்து ஒல வையி," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வெடிச்சத்தம் திருத்தங்கல் வரைக்கும் கேட்கவில்லை. செய்திதான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில், மினுங்குகிற விரலை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம் என்று ஒரு முட்டாள்தனமான நம்பிக்கையோடு நின்றிருந்தேன். விரல்கள் இல்லை.

'மருந்து உராய்வினால் விபத்து' என்று பேப்பரில் வந்தது. எப்போதும் அதே வார்த்தைதான். யார் அவசரப்படுத்தினார்கள், யார் ஒரு ரூமில் அத்தனை பேரை உட்காரவைத்தார்கள் என்பதெல்லாம் உராய்வுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் தீபாவளி வந்தது. எங்கள் தெருவிலும் வெடித்தார்கள். கோமதி கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே பிள்ளைகள் சந்தோஷமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அந்தச் சிரிப்பைக்கூட என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுண்டல் கையோடு

"இதுல இந்த வருசம் ஜனவரியில இருந்துதான் போட்டிருக்கு, கண்ணு," என்றேன் கோமதியிடம். "அம்மா போனது போன வருசம்ல்ல."

"போன ஆடியில வந்த புத்தகத்துலயும் இல்ல. அது அச்சானப்ப அம்மா உசுரோட இருந்தாக. அதுக்கடுத்து வந்தது இது. இதுலயும் இல்ல. அப்ப எந்தப் புத்தகத்துலதான் வருவாக?"

கேலியாகப் பேசிக்கொண்டிருந்த விஷயம் அவள் வாயிலிருந்து வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பேரு கூட வேண்டாம் பெரியம்மா. இன்ன ஊருல இன்னது நடந்துச்சுன்னு ஒரு வரி. நாளப்பின்ன ஒருத்தரு அப்பிடி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொன்னா நான் எதக் காட்ட? அம்மாவே கேப்பாகல்ல, புத்தகத்துல போட்டிருக்கான்னு."

முதலாளியிடம் போனேன். ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. கெட்டவர் இல்லை. மாரி காரியத்துக்கு வந்து கடைசி வரைக்கும் நின்றவர். இதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி சங்கடப்பட்டார். "ஏம்மா செல்வி, புது வருசமும் அதுவுமா ஒருத்தர் கையில மங்களமாக் குடுக்குற பொருளு. அதுல போயி சாவப் போட்டா நல்லாவா இருக்கும்?"

நான் புத்தகத்தைப் பிரித்து அதே பக்கத்தை வாசித்துக் காட்டினேன். ஒரு நாட்டில் நிலநடுக்கம். இன்னொரு நாட்டில் விமானம் விழுந்தது. எங்கோ படகு கவிழ்ந்தது. அத்தனையிலும் ஆட்கள் செத்திருந்தார்கள்.

"அங்கன செத்தா பொது அறிவு. இங்கன செத்தா அபசகுனமா, அண்ணாச்சி?"

பூஜைக்கு வந்திருந்த காலண்டர் ஏஜெண்டுகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன். அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. இயந்திரத்தில் சரிந்திருந்த பூச்சரத்தை நிமிர்த்திவிட்டார்.

"சரி, ஒரு வரி எளுது. கம்பெனி பேரு வேண்டாம்," என்றார்.

பூஜைக்கு வைப்பது மாதிரிப் பிரதிதான். மொத்த அச்சு அதற்குப் பிறகுதான் ஓடும். அதனால் அன்றைக்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பக்கத்தின் தலையிலேயே, ஜனவரிக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன். 'சென்ற ஆண்டு புரட்டாசி: வெம்பக்கோட்டை அருகே பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. பெண்கள் உட்படப் பலர் பலி.'

கோமதி பின்னால் நின்று வாசித்தாள். "பலி வேண்டாம் பெரியம்மா. கெடா வெட்டுன மாதிரி இருக்கு. இறந்தார்கள்னு போடுங்க," என்றாள்.

மாற்றினேன். அவள் திரையில் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டாள்.

அளவு சரியாக வந்தது

ஆவணியில் ஒரு பட்டாசுக் கம்பெனி மேனேஜர் அட்டைப் புரூப் பார்க்க வந்தார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். மாரி வேலை பார்த்த அதே கம்பெனிதான். விபத்துக்குப் பிறகு கேட்டில் சீல் வைத்திருந்தார்கள். தை மாசி வாக்கில் திறந்துவிட்டார்கள். பெயர்ப்பலகை மட்டும் புதுசு. வருஷா வருஷம் வாங்குகிற தடிப் புத்தகத்தை அந்த வருஷமும் வாங்கினார்கள்.

பூஜைக்கு வந்த ஏஜெண்டுகளில் எவனோ அவர் காதில் போட்டிருக்கிறான். அட்டையைப் பார்த்து முடித்ததும் உள்பக்கத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார். மரியாதையான மனுஷன். குரலை உயர்த்தவே இல்லை.

"வெளிய எங்க பேரப் போட்டு, உள்ளார இதயும் போட்டா எப்பிடிக்கா? எங்க மூஞ்சில நாங்களே கரியப் பூசிக்கிட்ட மாதிரி ஆயிரும்ல," என்றார்.

"இதுல ஒங்க பேரு எங்கயும் இல்லையே. ஒங்களத்தான் சொல்லுதுன்னு எப்பிடிக் கண்டுபிடிச்சீக?" என்று கேட்டேன்.

அவர் புரூப்பைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். எழுந்து அண்ணாச்சி அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. காப்பி உள்ளே போனது, காலி டம்ளர் வெளியே வந்தது. மேனேஜர் போகும்போது எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அண்ணாச்சி என் மேசைக்கு வந்து நின்றார். "அவுக புத்தகத்துல மட்டும் எடுத்துட்டு, மத்ததுல விட்டுருவோம்னுதான் மொதல்ல நெனச்சேன். ஒரு வரிக்காக ரெண்டு பிளேட்டு போடணும், அச்சானதத் தனித்தனியா அடுக்கணும். பைண்டிங்ல மாறிப்போச்சுன்னா பெரிய வம்பும்மா. மொத்தத்துலயும் எடுத்துரு."

"எடுத்தா அந்த எடம் காலியாத் தெரியும், அண்ணாச்சி."

"எதையாவது போட்டு நெரப்பு."

என் கையால் செய்ய மாட்டேன் என்றேன். எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். மறுபடியும் மறுபடியும் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால், பக்கத்து சீட் ஆபரேட்டர் வேலையை முடித்திருந்தார். மாரியின் வரி இருந்த இடத்தில் இப்படி இருந்தது: 'சென்ற ஆண்டு இறுதி: வெளிநாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் பெரும் விபத்து. தொழிலாளர்கள் பலர் பலி.'

அவர் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. தலைமையாசிரியர் எப்போதோ அனுப்பி மிஞ்சிக் கிடந்த துண்டு அது. "அளவு சரியா வந்துச்சுக்கா," என்றார்.

அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டாமா என்று சில வாசகர்கள் கேட்பீர்கள். எழுதிப் போடுங்கள், படிக்கிறேன். ரோஷத்தைக் கொண்டுபோய்ப் பலசரக்குக் கடையில் கொடுத்தால் அரிசி அளக்கமாட்டார்கள். கோமதி படித்தாக வேண்டும். எனக்கும் இந்த ஒரு தொழில்தான் தெரியும். மறுநாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்து வாய்ப்பாட்டுப் பக்கத்துக்குப் பிழை திருத்தினேன். அதில் பிழையே இருக்காது. இருந்தாலும் திருத்த வேண்டும்.

கோமதியிடம் வீட்டில் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "சுரங்கத்துல செத்தவுகளுக்கும் பிள்ளைக இருக்கும்ல்ல," என்று மட்டும் சொன்னாள்.

புது வருஷத்தன்று கம்பெனி வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. இறந்தவர்களின் வீட்டுக்கெல்லாம் ஒரு மிட்டாய் டப்பாவும் ஒரு தடிப் புத்தகமும் கொடுத்தார்கள். அட்டையில் லட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். கோமதி மிட்டாயை வேனிலேயே திருப்பிக் கொடுத்தாள். புத்தகத்தை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பரீட்சை இருந்தது.

ஐந்தாவது வட்டம்

தேர்வு மையம் விருதுநகரில், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சூலக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். துணைக்கு நானும் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மதில் ஓரம் சின்ன நிழலில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். அது மாரியின் இடம் என்ற நினைப்பு என்னை ஒழுங்காக உட்காரவிடவில்லை. கலெக்டர் ஆபீஸைப் பஸ்ஸில் தாண்டும்போதெல்லாம், "அங்கன ஒரு நாக்காலி கோமதிக்குன்னு கெடக்குக்கா," என்று சொல்லுவாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோகும்போது கேட்டேன்.

"எப்பிடி எளுதியிருக்க?"

"நல்லா எளுதியிருக்கேன். தடிப் புத்தகத்துலருந்து நெறைய வந்திருந்துச்சு."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. பாவி புத்தகம், அதற்காவது உதவியதே என்று நினைத்தேன். எதிரே கலெக்டர் ஆபீஸ் தெரிந்தது. கோமதி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கேள்வி மட்டும் விட்டுட்டேன் பெரியம்மா. இந்தியாவுல பட்டாசு அதிகமா தயாராகுற ஊரு எதுன்னு கேட்டிருந்தான்."

நான் சிரித்துவிட்டேன். "அதப் போயி யாராச்சும் விடுவாகளா? பொறந்த பிள்ள கூடச் சொல்லுமே."

அரசுத் தேர்வில் இப்போதெல்லாம் நான்கு விடைகளோடு ஐந்தாவதாக ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள். 'விடை தெரியவில்லை' என்று அதற்கு அர்த்தம். தெரியாதவர்கள் அதைக் கருப்படிக்க வேண்டும்.

"அந்த அஞ்சாவது வட்டத்தக் கருப்படிச்சேன்," என்றாள்.

எனக்குப் பதறிப்போயிற்று. "ஏ கோட்டி, ஒரு கேள்வியில வேல போயிரும்டி. ஒங்கம்மா எம்புட்டு ஆசப்பட்டா. ஒனக்குத் தெரியும்ல்ல?"

"தெரியும்."

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா செத்தது அவுக புத்தகத்துக்குத் தெரியாதுல்ல. அந்த ஊரு எனக்கும் தெரியாது, பெரியம்மா."